அபினா முகர்ந்து சொன்னது

மோசி அஹெர்னுக்கு இருந்த மூக்கு எங்கள் விஸ்கி வடிசாலையில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. கிடங்கில் பீப்பாய் உருட்டுவதுதான் அவர் வேலை. ஆனால் காலைத் தேநீருக்குப் பிறகு விஸ்கியை முகர்ந்து பார்க்கும் குழு கூடும்போது அவருக்கு என்று ஒரு நாற்காலி இருக்கும். புட்டியில் அடைக்கும் பிரிவிலிருந்து நானும் அந்தக் குழுவுக்குப் போவேன். வனிலா, தேன், உலர்ந்த திராட்சை என்று நாங்கள் ஆளுக்கொன்று சொல்லி முடித்தபின் மோசி கண்ணை மூடிக்கொண்டு, "மழையில நனைஞ்ச கழுதை" என்பார். எல்லோரும் சிரிப்போம். சிரித்துவிட்டு மறுபடி முகர்ந்தால், கழுதை கோப்பைக்குள் நின்றுகொண்டிருக்கும்.

அவர் மனைவி அபினா என்னோடு பள்ளியில் படித்தவள். பக்கத்து வீடும்கூட. அவளுடைய அப்பா யூகல் ஊர்ச் சந்தைக்கு மாட்டை ஓட்டிப் போய், மாடும் இல்லாமல் காசும் இல்லாமல் தள்ளாடிக்கொண்டு திரும்பியவர். ஒருமுறை அல்ல, பலமுறை. அதனால் அபினா சின்ன வயதிலேயே தேவாலயத்தில் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்து, குடிக்காதவர்கள் குத்திக்கொள்ளும் திரு இருதயச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டாள். பிறகு அதைக் கழற்றவே இல்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் நடன அரங்கில் மோசி போய் நின்றார். நான் அவள் பக்கத்தில் இருந்தேன்.

"நீ குடிச்சிருக்க," என்றாள்.

"இல்ல பொண்ணே, உருட்டியிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். அதோடு கதை முடிந்தது. ஆனால் கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனை போட்டாள். கிடங்கு வாசனை வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது. பனியோ மழையோ, மோசி பின்வாசலில் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, வெளிக்குழாயில் கையும் முகமும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார். குழுவில் வாயில் வைத்ததைத் துப்பிவிடுவார். வேலைக்கு வெளியே ஒரு சொட்டுத் தொட்டதில்லை. "அவனுக்குச் சாராயம் சம்பளத்துக்கு, தேநீர் சந்தோஷத்துக்கு" என்று கிடங்கில் கேலி பேசுவார்கள்.

எங்கள் நாட்டு ஓக் மரத்தில் செய்த பீப்பாய்கள் முதன்முதலாக வந்தது ஓர் இலையுதிர் காலத்தில். அதுவரை அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பீப்பாய்கள்தான், அல்லது ஸ்பெயினில் ஷெர்ரி ஒயின் ஊற்றி வைத்தவை. இது கில்கென்னிப் பக்கத்துத் தோப்பில் வெட்டிய மரம். அறுத்துக் காயவைக்க ஸ்பெயினுக்குப் போய், பீப்பாயாகித் திரும்பியிருந்தது. பல வருடம் முதிர்ந்த விஸ்கியை அதற்குள் மாற்றி ஊற்றியது மோசிதான். ஊற்றுவதற்கு முன் காலிப் பீப்பாயின் துளையில் மூக்கை வைத்துக்கொண்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. "உள்ள யாரைத் தேடுறே?" என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

அந்தக் குளிர்காலத்தில் மோசிக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. உடம்பு தேறி எழுந்தபோது மூக்கு போய்விட்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்வதையே கொஞ்சம் மாற்றிச் சொல்வார். நான் தேன் என்றால் அவர் தேன்கூடு என்பார். கழுதைகள் வராமல் போனது எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. கண்டுபிடித்தது அபினாதான். திரிந்த பாலைத் தெரியாமல் அவர் தேநீரில் ஊற்றிவிட்டாள். அவர் அதை நிதானமாகக் குடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"மோசி, எப்பலேர்ந்து?"

"என்ன எப்பலேர்ந்து?"

"மூக்கு."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாராம். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

மோசி ஓய்வு வாங்கிக்கொண்டார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ருசி தெரியாத சாப்பாட்டை அவர் பாதியில் தள்ளிவைப்பார். கன்னம் ஒட்டிப்போனது. வடிசாலையில் தானியம் அவியும் நாட்களில் ஊர் முழுக்கக் கஞ்சி மணக்கும். அவர் வேலியோரம் வந்து, "நோரின், இன்னைக்குக் கொதிக்க வச்சிருக்காங்களா?" என்று என்னைக் கேட்பார்.

நாட்டு ஓக் விஸ்கி புட்டிக்குப் போகத் தயாரானதும், பழைய ஆட்களுக்கெல்லாம் சுவைத்துப் பார்க்க அழைப்பு வந்தது. "குருடனுக்கு எதுக்குச் சினிமா?" என்று மோசி மறுத்துவிட்டார்.

"நான் வரேன். ரெண்டு பேரும் போவோம்," என்றாள் அபினா.

வடிசாலையின் வாசலைக்கூட மிதிக்காதவள். அதற்கு முன்பே அவள் ஃபாதர் ஹோரிகனிடம் கேட்டு வைத்திருந்தாள்.

"குடிக்கமாட்டேன்னுதான் ஃபாதர் சத்தியம் பண்ணேன். மோந்து பாத்தா தப்பா?"

"அது பாவம்னா, காத்து இந்தப் பக்கம் அடிக்கற அன்னைக்கு இந்த ஊரே நரகத்துக்குத்தான் போகணும், அபினா."

நான்தான் காரில் கூட்டிப்போனேன். நீள மேசை, ஆளுக்கொரு கோப்பை. குழுவின் தலைவர் கிலியன் நல்ல பிள்ளை. மரத்தைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் அழகாகப் பேசினார். மோசி கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், மணம் எதுவும் தெரியாமல் கீழே வைத்தார். அபினா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"உங்கம்மா வீட்டு மேசை இழுப்பறை."

"எது, சமையற்கட்டுலயா?"

"ஆமா. மெழுகுவத்தித் துண்டு, ஜாதிக்காய்."

"நூல்கண்டும் கெடக்கும்," என்றார் மோசி.

"நூலுக்கு வாசனை ஏது? சும்மா இரு." மறுபடி முகர்ந்தாள். "தச்சன் பட்டறை. நம்ம ஐலீன் பொறந்தப்ப தொட்டில் செய்யச் சொல்லப் போனோமே, அன்னைக்கு அறுத்துப் போட்டிருந்த மரம்."

"தொட்டில் இல்லடி, கோழிக்கூடு. தொட்டில் உங்கக்காகிட்ட இரவல் வாங்கினது."

"கோழிக்கூடுதான்," என்று ஒப்புக்கொண்டாள். மோசியின் முகம் மலர்ந்திருந்தது. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார், மணம் விரியும் என்றார். விட்டாள். முகர்ந்தாள். இந்த முறை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"எங்கப்பா."

மோசி கோப்பையை வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை.

"இரு. சந்தையிலேர்ந்து என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. மழை. அவர் கோட்டுக்குள்ள முகத்தை வச்சுத் தூங்கிட்டேன். புகையிலை, ஈரக் கம்பளி, இந்த வாசனையும். அன்னைக்கு எனக்கு பயமே இல்ல, மோசி. மறந்தே போச்சு."

அப்பாவைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மோசியும் அப்படித்தான் பின்னால் சொன்னார். கொஞ்சநேரம் கழித்து அவள் கோப்பையை அவர் கையில் வைத்து, "இப்ப நீ குடி," என்றாள்.

அவர் துப்பவில்லை. மெல்ல விழுங்கினார்.

"இனிப்பு தெரியுது. காரம் தெரியுது. மீதிதான் நீ சொல்லிட்டியே."

அன்றிலிருந்து அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதுவே வழக்கமாகிவிட்டது. வேலிக்கு இப்பாலிருந்தே எனக்குக் கேட்கும். பன்றி இறைச்சி வேகும்போது, ரொட்டி அடுப்பிலிருந்து வரும்போது, அபினா தட்டை முகர்ந்து எதையாவது சொல்வாள். அவர் எதிர்த்துப் பேசுவார். சண்டை போட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்வார். கன்னத்தில் சதை திரும்ப ஏறியது. அந்த விஸ்கியில் ஒரு புட்டி அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறுகளில் அவருக்கு ஒரு விரலளவு ஊற்றிக்கொடுத்து, முகர்ந்து சொல்வதும் அவளேதான்.

மோசி போன வசந்தத்தில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். அபினாவை வெள்ளிக்கிழமைகளில் நான் கடைக்குக் கூட்டிப்போகிறேன். கதவைச் சாத்தி உட்கார்ந்ததும் அவள் வாய் சும்மா இருக்காது.

"யாரோ இந்தக் கார்ல ஆரஞ்சு தின்னிருக்காங்க, நோரின்."

நான்தான் என்று ஒப்புக்கொள்வேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆரஞ்சு மணத்தில் அவருக்கும் தனக்கும் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பிப்பாள்.