ஓட்டை விற்ற சாதிக் பாய்

அன்று காலை எழுந்ததும் முதலில் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் போன் வந்தது. எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் குமார்.

"மேடம், பாய் போய்ட்டாரு மேடம். காலைல தொழுதுட்டு உக்காந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாராம்."

மோட்டாரை யார் நிறுத்தினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

சாதிக் பாய் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். வேதியியல் படித்துவிட்டு, தம்பி பஷீரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஷெட்டில் நுண்துளைப் பாலிமர் தயாரித்தார். தரம் பார்க்கும் வேலைக்கு நான் நேர்காணலுக்குப் போனபோது, பழுப்பு நிற மாவைச் சிறிது காகிதத்தில் கொட்டி, "இதுல இன்னாம்மா இருக்குது?" என்று கேட்டார். நான் மூலக்கூறுகளைச் சொல்லத் தொடங்கினேன்.

"அதெல்லாம் சொவரு. உள்ள இருக்கறது ஓட்டை. நம்ம ஓட்டைய விக்கிறோம்."

அவர் சொன்னது உண்மைதான். சாதாரண பிளாஸ்டிக்கில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். இதில் அவை வளைந்து மடங்க முடியாதபடி விறைப்பாக இணைந்திருப்பதால் நடுவே வெற்றிடம் நிற்கும். சாயக்கழிவு நீரை ஊற்றினால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்; பெயின்ட் ஆவியை மூச்சுக்குப் போகாமல் மடக்கும். டீக்கடையில் லோடுமேன்கள், "இன்னா பாய், இன்னிக்கு எத்தினி ஓட்டை வித்தீங்க?" என்று சீண்டுவார்கள். "உன் வாய் சைஸுக்குத்தான் ஸ்டாக் இல்லப்பா" என்பார்.

தயாரித்த கையோடு அந்த ஓட்டைகளுக்குள், தயாரிப்பில் ஊற்றிய கரைப்பானான சால்வென்ட் அடைத்துக்கொண்டிருக்கும். மெத்தனாலில் திரும்பத் திரும்பக் கழுவி, பிறகு காற்றில்லாத அடுப்பில் உலர்த்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர், கழுவிய திரவம் தெளிந்து வந்ததும் அழுக்குப் போய்விட்டது என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார். பாய் அவரைத் திட்டவில்லை, வார்த்தையை மாற்றினார். "இனிமே யாரும் கழுவுறதுன்னு சொல்லாதீங்க. காலி பண்றதுன்னு சொல்லுங்க."

அந்த வார்த்தையால் ஒரு கூத்து நடந்தது. தேர்வாய் கண்டிகையில் பெயின்டர்களுக்கு முகமூடி செய்யும் கம்பெனியிலிருந்து வண்டி வந்திருந்தது. சரக்கு தயாரா என்று வாட்ச்மேன் உள்ளே கேட்டார். "காலி ஆயிடுச்சு!" என்று சந்தோஷமாகக் கத்தினான் குமார். சரக்கே தீர்ந்துவிட்டது என்று டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வேற வார்த்தை வைக்கலாமா பாய்?" என்றேன்.

"வேணாம்மா. போன வண்டி திரும்பி வரும். அடைஞ்ச மாவப் போட்டு அனுப்பினா, அத மூஞ்சில மாட்டிக்கினு நிக்கிறவன் மூச்சு திரும்பி வருமா?"

அன்று முதல், நான் 'காலி' என்று சொன்னால்தான் லோடு ஏறும் என்று வைத்தார். பஷீர் பாய் உட்பட யாரும் அதை மீறியதில்லை.

பழவேற்காட்டில் ஜனாஸா புறப்பட்டபோது பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். தோள் மாற்றித் தோள் மாற்றி, எங்கள் ஷெட்டின் நீலச் சட்டைக்காரர்கள் சந்தூக்குப் பெட்டியைச் சுமந்து போனார்கள். ஏரிக்காற்று அவர்கள் சட்டைகளைப் படபடக்க வைத்தது. தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து வந்த பஷீர் பாய் என்னைத் தனியே அழைத்தார். கண்கள் சிவந்திருந்தன. "மேடம், மாஸ்க் கம்பெனிக்காரன் பேஜார் பண்றான். அவனுக்குப் போற லாட்டு முக்காவாசி காலி பண்ணி முடிஞ்சிருக்குதே, திங்கக்கெழமை அனுப்பிடலாமா? இந்த ஆர்டர் போச்சுன்னா ஷெட்டு நிக்காது." அவர் கெட்டவர் அல்லர், பயந்திருந்தார்.

என் முடிவை இதை எழுதும் இந்த நேரம்வரை யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அந்தக் கம்பெனிக்கு நானே போன் செய்து, சரக்கு இன்னும் ஆகவில்லை, காத்திருங்கள் என்று சொல்லப்போகிறேன். காத்திருக்க மாட்டோம் என்றால், சரக்கை வாங்க வேறு கம்பெனி தேடி நானே அலைவேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள் பாய். அந்த லோடு ஏறாது.