திருப்பித் தர வேண்டாத பெட்டி

கேமரன் மலைக் குளிரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அங்கே முறுக்கு நமுத்துப்போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்யாணமாகி அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வந்த முதல் தீபாவளியில், காலையில் மொறுமொறுவென்று இருந்த முறுக்கு மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டது. சன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும், மூடுபனி சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மலைக்குக் கீழே, வெயில் அடிக்கிற ஈப்போ டவுனில் வளர்ந்தவள். அங்கே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினால் முறுக்கு ஒரு மாதம் கிடக்கும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எதற்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. மறுநாள் அவர் பேக்டரியிலிருந்து ஒரு சுருட்டு வெள்ளித் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் இருக்க உட்புறம் முழுக்கத் தாள் கொடுப்பார்கள், அதில் ஓரம் கிழிந்து ஒதுக்கிய துண்டுகள் அவை.

"தேயிலைக்கே ஈரம் ஏறாதுன்னா உன் முறுக்குக்கு ஏறுமா? சுத்தித்தான் பாரேன்" என்றார்.

சுற்றினேன். நாலு நாள் கழித்துப் பிரித்துக் கடித்தபோது அந்தச் சத்தம் கூடத்தில் இருந்த அவருக்குக் கேட்டது. லேசாகத் தேயிலை வாசம் அடித்தது உண்மைதான். அந்தத் தோட்டத்தில் தேயிலை வாசம் அடிக்காத பொருள் எது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை. சீனர் மளிகைக் கடையில் வருஷா வருஷம் பெரிய காலண்டர் கொடுப்பார்கள். வருஷம் முடிந்தால் பன்னிரண்டு கெட்டித் தாள் கிடைக்கும். படம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, உள்ளே வெள்ளித் தாள் கொடுத்தால் நெய்யுருண்டைக்கு அருமையான பெட்டி. அச்சு முறுக்கு கைபட்டாலே உடைகிற சாதி. அதற்குப் பால்மாவு டின்தான் சரி, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் வட்டமாக வெட்டிய அட்டை வைக்க வேண்டும். ஓமப்பொடிக்குக் கூம்பு. ரிப்பன் வாங்க எனக்கு மனசு வராது. கடையில் பொட்டலம் கட்டுகிற ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை ஊசியால் கிழித்துக் கிழித்து விட்டால் அது தானே பூவாக விரியும். மூடி திறக்காமல் இருக்க, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியில் விரல் நீளம் ஒடித்துத் தாழ்ப்பாள் மாதிரி செருகுவேன். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வீட்டுக்காரரின் ஆபீஸ் முத்திரை மையில் தொட்டு ஒற்றினால் பெட்டி முழுக்கச் சிவப்புப் பூ. இதில் ஒரே தொல்லை பசைதான். கோதுமை மாவைக் காய்ச்சித் தடவினால் அந்த ஈரக்காற்றில் காயவே காயாது. அடுப்போரம் வரிசையாக வைத்துக் காவல் இருக்க வேண்டும். ஒருமுறை காவல் தவறி, ஒரு பெட்டி மூலையோடு தீய்ந்து போனது.

"பலகாரத்தத் தின்னுட்டு பெட்டிய கும்பிடுவாங்க போல" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். கேலி செய்தாலும் மைப்பெட்டியை மறக்காமல் எடுத்து வருவார்.

பெட்டியெல்லாம் வெளியாருக்குத்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் தட்டு.

அக்காவின் புருஷன் பேக்டரியில் டீ மேக்கர். இலை வாடியது போதுமா, புளித்தது போதுமா என்று மூக்கால் மோந்தே சொல்கிறவர். எங்கள் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்கதவுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஓரத்தில் நீலக் கோடு போட்ட எனாமல் தட்டு ஒன்று அந்தக் கதவுகளுக்கு நடுவே போய்வந்துகொண்டே இருக்கும். நான் இட்டிலி வைத்துக் கொடுத்தால், மறுநாள் அதில் வாழைக்காய் பஜ்ஜி வரும். பஜ்ஜிக்கு நான் ஏதாவது வைக்க வேண்டும். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். ஐந்தாறு வருஷத்தில் அந்தத் தட்டு முதலில் யாருடையது என்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், நடு வருஷத்தில், டீ மேக்கர் இறந்துபோனார். வேலை முடிந்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலை நான் கொடுத்த புட்டு அந்தத் தட்டில்தான் போயிருந்தது. தட்டு அங்கேயே தங்கிவிட்டது.

அதன்பிறகு அக்காவின் பின்கதவு அதிகம் திறக்கவில்லை. முதல் சில வாரம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். பிறகு ஆறுதலாக என்ன பேசுவதென்று தெரியாமல் போவதைக் குறைத்துக்கொண்டேன். எனக்குக் கோபமாகப் பேச வரும், வேடிக்கையாகப் பேச வரும். துக்க வீட்டில் இரண்டும் உதவாது. குவார்ட்டர்ஸ் புது டீ மேக்கருக்கு வேண்டும் என்பதால், வருஷக் கடைசிவரை இருந்துகொள்ளச் சொல்லியிருந்தார் தோட்டத்து மேனேஜர் துரை. பக்கத்து டவுன் தானா ராத்தாவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் அக்காவுக்குச் சமையல்கட்டு வேலை கிடைத்தது, கடைக்குப் பின்னால் ஓர் அறையும். அவர் போவதற்குள் எப்படியாவது பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. இப்படியே போய்விட்டால் பிறகு தானா ராத்தாவில் பார்த்தாலும் "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு நடக்கிற இரண்டு பெண்களாகிவிடுவோம் என்று பயந்தேன்.

தீபாவளி வந்தது. சாவு நடந்த வீட்டில் அந்த ஒரு வருஷம் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் யோசித்தேன், என் புத்திக்கு எட்டியவரை நன்றாகவே யோசித்தேன். தட்டிலோ டின்னிலோ கொண்டுபோனால் அக்கா அதை எப்படித் திருப்புவார்? வெறும் பாத்திரமாகத் தர அவருக்கு மனசு வராது, உள்ளே வைக்கவும் பலகாரம் கிடையாது. அந்தச் சங்கடமே வேண்டாம். திருப்பித் தர வேண்டாத பெட்டியாகச் செய்துவிடலாம்.

மூன்று மத்தியானம் அதற்கே போனது. அருவிப் படம் போட்ட காலண்டர் தாள், உள்ளே மூன்று அறை, முறுக்குக்கு ஒன்று, அதிரசத்துக்கு ஒன்று, நெய்யுருண்டைக்கு ஒன்று. துக்க வீட்டுக்குச் சிவப்பு வேண்டாமென்று நீல மையில் வெண்டைக்காய்ப் பூ ஒற்றினேன். குச்சித் தாழ்ப்பாளை வழவழவென்று தேய்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு பெட்டி என் கையில் வந்ததில்லை.

தீபாவளி அன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"இதைத் திருப்பிக் குடுக்க வேணாம்கா. தின்னுட்டுப் பெட்டிய அடுப்புல போட்டுருங்க."

அக்கா நிமிர்ந்தார். "அப்ப எங்க வீட்டுலேருந்து இனிமே ஒண்ணும் வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

"அப்படி இல்லக்கா, உங்களுக்குச் சிரமமா..."

"கோயில்ல பொட்டலம் குடுப்பாங்க பாரு, கைய நீட்டி வாங்கிட்டு வந்துர்றது. அது மாதிரி இருக்கு. எனக்கு எப்பவும் தட்டுலதான லா குடுப்ப?"

குரலை உயர்த்தவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்று மத்தியானம் முதுகொடிய உட்கார்ந்து செய்தால் இதுதான் பேச்சா? வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "நீ நல்லதுதான் நெனச்ச. அவங்களக் கேட்டுட்டு நெனச்சிருக்கலாம்" என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. பின்கதவைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த கதவைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பக்கமும் அப்படித்தான். இப்படியே நவம்பர் கழிந்தது.

தோட்டத்துச் சாலை முடிகிற வளைவில் ஒரு சீனக் குடும்பம் கோஸும் பட்டாணியும் போட்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு வருஷா வருஷம் டின்னில் பலகாரம் கொடுப்பேன். அந்த வருஷம் டின் கிடைக்காததால் காலண்டர் பெட்டியில் கொடுத்திருந்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் ரப்பர் பூட்ஸோடு என் வாசலில் வந்து நின்றார். கையில் என் பெட்டி. உள்ளே இளம் பட்டாணிக்காய், ஒரே அளவாகப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. பிரிந்திருந்த ஒரு மூலையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்.

"கோத்தாக் சாந்தேக் லா. சாயாங் புவாங்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பெட்டி அழகாக இருக்கிறதாம், தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

அவர் போன பிறகும் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் பெட்டிகள் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கின்றன, ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. போன பொருள் இன்னொருவர் கைபட்டு, நிறைந்து வருவதில் இருக்கிற சந்தோஷத்தை ஐந்தாறு வருஷமாக அந்த எனாமல் தட்டு எனக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. அக்காவுக்கும் அதே சந்தோஷம்தானே இருந்திருக்கும். புருஷனை இழந்தவரிடம் போய், இனி நீங்கள் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு நீலப் பூ வேறு.

வெட்கமாக இருந்தது. இருந்தாலும் போய் நிற்க மூன்று நாள் ஆயிற்று. கோபம் எனக்கு ஒரு நொடியில் வரும். இறங்கிப் போவதற்கு மட்டும் நல்ல நாள் பார்ப்பேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கதவு திறந்ததும் வாயில் வேறு வந்தது.

"என் தட்டு எங்கக்கா?"

துக்க வீட்டில் போய்ப் பாத்திரம் கேட்பது எவ்வளவு அநாகரிகம் என்று எனக்குத் தெரியும். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் கூடத்தில் சாமான்கள் பாதி கட்டிக் கிடந்தன.

"எந்தத் தட்டு?"

"நீலக் கோடு போட்டது. புட்டு குடுத்தேன்ல. இன்னும் வரல."

"அது என் தட்டு."

"யாரு சொன்னா? நான் ஈப்போலேருந்து கொண்டாந்தது."

"ஆமா, ஈப்போல எனாமல் தட்டு மரத்துல காய்க்குது." அக்கா கையிலிருந்த கட்டுக் கயிற்றைக் கீழே போட்டார். "உனக்கு இப்ப தட்டுதான் வேணுமா?"

"வெறும் தட்டு வேணாம்" என்றேன்.

"போ. வரும்" என்றார்.

வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. பின்கதவில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன், காற்றாக இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையும் கழிந்தது. கடைசியில் சாமான் ஏற்ற லோரியே வந்துவிட்டது. கட்டில், தையல் மெஷின், டீ மேக்கரின் குடை என்று ஒவ்வொன்றாக ஏறுவதை நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாசல் பக்கம் போகத் தைரியமில்லை. எல்லாம் என் வாயால் வந்த வினை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்கதவு தட்டப்பட்டது.

அக்கா நின்றார். கையில் அந்த எனாமல் தட்டு. தட்டின்மேல் அடுப்பில் போடச் சொன்ன அருவிப் பெட்டி, குச்சித் தாழ்ப்பாள் போட்டபடி. நான் தாழ்ப்பாளை உருவித் திறந்தேன். மூன்று அறையிலும் விளிம்புவரை சீனி.

"சீனிதான். இப்ப என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, பெட்டியை எடுத்துக்கொண்டு தட்டைக் கழுவிக் கையோடு கொடுத்துவிடலாம் என்று உள்ளே திரும்பினேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"இப்ப குடுக்காத லா. தானா ராத்தாவுக்கு எடுத்துட்டு வா. வெறுந்தட்டா வராத."

"என்னாக்கா கொண்டு வர?"

"முறுக்குதான். அந்த வெள்ளித் தாள்ல நல்லா சுத்திக் கொண்டா. பஸ்ஸுல நமுத்துப் போயிரும்."

லோரி வளைவு திரும்பும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.