தட்டிப் பார்த்துத்தான் பிடிப்பார் தளவாய்

உட்காரப் போன ஆளைத் தோளில் கைவைத்து நிறுத்திவிட்டு, தளவாய் குனிந்து தன்னுடைய மரப்பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். காதைச் சாய்த்துக் கேட்கிறார். அப்புறம்தான், "ம், உக்காருங்க அண்ணாச்சி" என்கிறார். அது பதினாறு வருஷமாக நூறு கிலோ, நூற்றிருபது கிலோ ஆட்களை எல்லாம் தாங்கிய வேங்கைப் பலகை. ஒடியாது என்று குற்றாலத்தில் எல்லாருக்கும் தெரியும். தளவாய்க்கும் தெரியும். இருந்தாலும் இந்த சீசன் தொடங்கியதிலிருந்து தட்டுகிறார்.

பலகையோடு நின்றால் பரவாயில்லை. டீக்கடை பெஞ்சு, பஸ்ஸில் மேலே தொங்கும் கம்பி, அருவிக்குப் போகிற வழியில் நட்டிருக்கிற இரும்புக் குழாய், மச்சினன் மகள் கல்யாணத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி என்று எதையும் தட்டாமல் தொடுவதில்லை. பக்கத்தில் துண்டும் ஜட்டியும் விற்கிற பாரூக்குக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறு கிடையாது.

"வே தளவாய், டீ கிளாஸ விட்டுட்டீரே. அதையும் ஒரு தட்டுத் தட்டும். உள்ள டீ இருக்கான்னு பாத்துக்கிடலாம்லா."

தளவாய் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கிளாஸையும் தட்டுவார்.

வயது ஐம்பத்து மூன்று. மெயினருவிக்குப் போகிற பாதையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். தேய்க்கிறதைவிடப் பேசுகிறது அதிகம் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தக் கெட்ட பெயருக்காகவே வருஷா வருஷம் அவரைத் தேடி வருகிறவர்களும் உண்டு. ஆளின் உடம்பைத் தொட்டே அவன் கதையைச் சொல்லிவிடுவார். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெரிய மனிதரின் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "சாருக்கு ஆபீசுல மேல புதுசா ஒரு ஆளு வந்திருக்காரோ? பிடரி கல்லு மாரி கெடக்கே" என்று கேட்டார். அந்த மனிதர் எண்ணெயோடு திரும்பிப் பார்த்த பார்வையை பாரூக் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

"பயம் பூரா இங்கனதான் வந்து உக்காரும் சார்" என்று கழுத்தும் தோளும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவது தளவாயின் வழக்கம். இப்போது காட்டுவதில்லை. அவர் கழுத்திலேயே ஒரு துண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறது. சாரல் விழுந்தாலும் வெயில் அடித்தாலும் அது இறங்குவதில்லை.

"கழுத்துல என்ன வே, பொன்னாடையா? யாரு போத்துனா?"

"சளி பிடிச்சிருக்கு வே."

ரெண்டு மாசமாக இறங்காத சளி.

எதிரே பத்தடி தூரத்தில் பழக்கடை வைத்திருக்கிறவள் அவருடைய மனைவி குழல்வாய்மொழி. ரம்புட்டான், மங்குஸ்தான், பலா. அவள் பேச்சுக்குப் பஞ்சம் பிடித்தவள். பலாப்பழத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, "இது காயி. மூணு நாளாவும்" என்பாள். இன்னொன்றைத் தட்டி, "இது பழம்" என்பாள். வெட்டினால் அவள் சொன்னபடியே இருக்கும். கையில் பிசின் ஒட்டாமலிருக்கப் புருஷனின் புட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வாங்கிப் பூசிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாலு தடவை பாதையைக் கடந்து வந்து உள்ளங்கையை நீட்டுவாள், அவர் ஊற்றுவார். கடைநேரத்தில் இருவருக்கும் நடக்கிற பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

குற்றாலத்திலேயே பிறந்து, குற்றாலத்திலேயே வாக்கப்பட்டு, இன்றுவரை அருவிக்குக் கீழே தலையைக் கொடுக்காதவள் அவள். வீட்டுக் குழாயில்தான் குளிப்பாள். "இவளுக்குத் தண்ணி உசரத்துல இருந்து வந்தா ஆவாது. குத்தாலத்துல ஒரே பயந்தாங்கொள்ளி எம்பொண்டாட்டி" என்று இருபத்தாறு வருஷமாகத் தளவாய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவந்தார். அவர் அப்படியில்லை. சீசனின் முதல் தண்ணீர் விழுகிற அன்றைக்கு முதல் தலை அவருடையது. பாறையில் கால் வைக்கும் முன் உள்ளங்காலில் மணலைத் தேய்த்து எண்ணெயைப் போக்குவார். பாசி இருக்கிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"பாற ஒருநாளும் நம்மள விடாது அண்ணாச்சி. பாசிதான் விட்டுரும். பாசி இல்லாத எடத்துல பயமே வேண்டாம்."

இந்த ஒரு பாடத்தோடுதான் அவர் வைகாசி மாதம் கேரளாவுக்குப் போனார்.

அருவியில் கம்பி அளவுக்குத் தண்ணீர் விழுகிற, ஆள் வராத நாட்கள் அவை. அருவிக்கரைக் கடைக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரு வேன் பிடித்து, செங்கோட்டை, புனலூர் வழியாகக் கடலில் குளிக்கப் போனார்கள். கொல்லத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊர். கரையில் இறங்கியதும் தளவாய் சும்மா இருக்கவில்லை. கடல் குளியலாக இருந்தாலும் எண்ணெய் இல்லாமல் எப்படி என்று வந்த ஆம்பளைகளை எல்லாம் வரிசையாக உட்காரவைத்துத் தேய்த்துவிட்டார். மற்றவர்கள் கடலில் இறங்கியதும், தளவாயும் மனைவியும் உட்கார்ந்த டீக்கடையில் யாரோ சொன்னார்கள், இந்தச் செம்மண் குன்றின் ஓரமாகவே நடந்து அந்தப் பக்கம் போனால், குன்றிலிருந்து கடற்கரையில் நல்ல தண்ணீர் அருவியாக விழுகிறது என்று.

அருவி என்ற சொல் காதில் விழுந்தால் குற்றாலத்துக்காரர் சும்மா இருப்பாரா? போய்ப் பார்த்து, "இதெல்லாம் ஒரு அருவியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால்தானே அவருக்குத் தூக்கம் வரும்?

டீக்கடைச் சேச்சி கையை ஆட்டினாள். "அவிடெ போகல்லே சேட்டா. மழ பெய்திருக்கு. மண்ணு இடியும்."

"சேச்சி, நாங்க குத்தாலம். பாறையிலயே பொறந்த ஆளுக" என்றார் தளவாய். பிறகு மனைவியைப் பார்த்து, "ஏட்டி, நீ இங்கனயே உக்காந்து மாங்கா தின்னு" என்றார்.

குழல்வாய்மொழி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

முதலில் பாதை நன்றாகத்தான் இருந்தது. தென்னந்தோப்பு, ஓட்டு வீடுகள், காயப் போட்ட வலை. அப்புறம் வீடுகள் நின்றுபோயின. குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. மலையாளத்தில் நாலு வரி எழுதிய பலகை ஒன்று, அதன் கீழே மண்டையோட்டுப் படம்.

"ஏங்க, மண்ட படம் போட்டிருக்கு."

"ஏட்டி, அது டூரிஸ்டுக்குப் போட்டது. நாம என்ன டூரிஸ்டா?"

கயிற்றுக்குக் கீழே குனிந்து போனார்கள். பாதை ஒன்றரை அடியாகியது. இடது பக்கம் சிவப்புச் சுவர். வலது பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு தென்னை உயரத்துக்குக் கீழே கறுத்த பாறைகள், அவற்றின் மேல் ஏறி ஏறி உடைகிற வெள்ளை. தளவாய் நின்று, செருப்பைக் கழற்றி விரலில் மாட்டி, உள்ளங்காலில் மண்ணைத் தேய்த்துக்கொண்டார். தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"பொட்டுப் பாசி இல்ல. வா."

ஒரு வளைவு. அங்கே பாதை ஒரு பாதம் அளவுக்குச் சுருங்கியது. செண்பகாதேவி அருவிக்குப் போகிற வழியில் எத்தனையோ தடவை செய்ததுபோல, சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நின்ற ஒரு கல்லை எட்டிப் பிடித்து, உடம்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

கல் அவர் கையோடு வந்துவிட்டது.

டீயில் நனைத்த வர்க்கி பிய்ந்து வருகிற மாதிரி வந்தது. சத்தம்கூட இல்லை. அவர் சுவரில் மார்போடு மோதி ஒட்டிக்கொண்டார். பின்னங்கால் கிளம்பிய இடத்தில், பாதை ஒரு முழம் அகலத்துக்கு அப்படியே சரிந்து போனது. செருப்பும் போனது. கீழே விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது. கேட்கவே இல்லை என்றும் சொல்லலாம், அலைதான் கேட்டது.

எதிர்ப்பக்கம் பார்த்தார். பாதை இல்லை. அது போன மழையிலேயே போயிருக்கிறது. அவர் நின்ற இடம் அவருடைய வேங்கைப் பலகை அளவு இருந்தது. அதைவிடச் சின்னது.

முப்பது வருஷம் அடுத்தவன் தொடை நடுங்குவதைக் கையால் பார்த்தவர், முதல் தடவையாகத் தன் தொடை நடுங்குவதைப் பார்த்தார். நிறுத்த முடியவில்லை. கத்தவும் முடியவில்லை, வாயைத் திறந்தால் அந்த மூச்சின் தள்ளலிலேயே பின்னால் சாய்ந்துவிடுவோம் என்று தோன்றியது. கீழே ஒவ்வொரு அலை மோதும்போதும் சுவர் அவர் நெஞ்சுக்குள் 'தொம்' என்றது. அந்தத் 'தொம்' கேட்டதும், மேலேயிருந்து கொஞ்சம் செம்மண் பொடி உதிர்ந்து அவருடைய பிடரியில் விழுந்தது. சட்டைக்குள் இறங்கியது. மறுபடியும் அலை. மறுபடியும் நாலு பொடி. எவ்வளவு மண் மேலே மிச்சமிருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

"ஆளக் கூட்டிட்டு வருதேன்" என்றாள் குழல்வாய்மொழி. அவள் ஒரு எட்டு தூரத்தில், நடுவே இல்லாமல் போன பாதைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"போவாதட்டி."

"ஓடிப்போயி..."

"ஏட்டி, போயிராதட்டி." அழுகிற குரல் அது. தன்னுடையதுதானா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். போய்த் திரும்பி வருகிறவரை அந்தக் கால்கள் நிற்காது என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. செருகிய சேலையை இன்னும் இறுக்கிக்கொண்டு, சுவரோடு சாய்ந்து, கையை நீட்டி, விரல் முட்டியால் மண்சுவரைத் தட்டினாள்.

"பொத்"தென்றது.

"இது பழம். இதத் தொடாதீங்க."

கொஞ்சம் மேலே தட்டினாள். "இதும் பழம்." பக்கத்தில் தட்டினாள். "பழம்." கடையில் நின்று தட்டுகிற அதே தட்டு, அதே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அலை ஓய்கிறவரை பொறுத்திருந்து மறுபடி தட்டினாள். அவர் பிடரியில் மண் விழுந்துகொண்டே இருந்தது.

"டொக்."

"இது காயி. வலது கைய இதுல வைங்க."

வைத்தார். வழுக்கியது. கரையில் அத்தனை பேருக்கும் தேய்த்த எண்ணெய் கையிலேயே இருந்தது. காலுக்கு மண் தேய்க்க மறக்காதவர் கையை மறந்துவிட்டார்.

"கைய சொவத்துல தேயிங்க. மெல்ல. இன்னும். ம், இப்பப் பிடிங்க. நான் சொல்லும்போது கால வையுங்க. கீழ பாக்காதீங்க, என் மூக்குத்தியப் பாருங்க."

அவர் மூக்குத்தியைப் பார்த்தார். அலை மோதி ஓய்ந்தது. "இப்ப" என்றாள். அவர் காலைத் தூக்கியதும், நின்றிருந்த இடம் காலுக்குக் கீழேயே கழன்று போனது. அவள் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணெயில் வழுக்காமலிருக்க நகத்தைப் பதித்துப் பிடித்தாள். இருவரும் சுவரோரம் ஒரு குவியலாக விழுந்து, அப்படியே கயிறு வரைக்கும் உட்கார்ந்தே நகர்ந்து வந்தார்கள்.

திரும்பும்போதுதான், தூரத்தில் அந்த அருவி அவர் கண்ணில் பட்டது. வீட்டுக் குழாய் அளவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வேனில் எல்லாரும் கேட்டார்கள், ஏன் ரெண்டு பேரும் சிவப்பாக இருக்கிறீர்கள் என்று. தளவாயின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "இவ வழுக்கிட்டா வே. நான் மட்டும் இல்லன்னா..." குழல்வாய்மொழி ஜன்னல் பக்கம் திரும்பி மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் சீசன் தொடங்கி, கதையும் தொடங்கிவிட்டது. தினம் பத்துப் பேருக்குத் தேய்க்கிறார் என்றால் பத்துத் தடவை சொல்கிறார். மணிக்கட்டில் இருக்கிற நாலு நகத்தழும்பைக் காட்டி, "பயத்துல இவ அழுத்துனது" என்கிறார். கதை வளர்ந்துகொண்டே போகிறது. குன்று இப்போது நாலு தென்னை உயரம். ஆனால் அவர் சீசனின் முதல் தண்ணீருக்குப் போகவில்லை. இரண்டாவது தண்ணீருக்கும் போகவில்லை. அருவி அவர் கழுத்தில் தண்ணீராகத்தான் விழும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. மனைவி எழுந்திருக்கும் முன்னால் வீட்டுக் குழாயில் குளித்துவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்.

இன்றைக்குச் சாரல் நன்றாக விழுகிறது. பலகையில் உட்கார்ந்திருக்கிற மதுரைக்காரர் முக்கால்வாசி எண்ணெயாகியிருக்கிறார். கதை முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டது.

"கீழ பாத்தா கடலு அண்ணாச்சி. இவ அலறுதா. நான் சொல்லுதேன், ஏட்டி, பயப்படாத, எங்கையப் பிடி..."

எதிர்க்கடையில் ஒருவர் பலாப்பழம் கேட்டிருப்பார் போல. டொக், டொக் என்று கேட்டது.

தளவாயின் கை மதுரைக்காரரின் முதுகில் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் கதை இந்த இடத்துக்கு வரும்போது அந்தச் சத்தம் கேட்கிறது. அவள் வேண்டுமென்று தட்டுகிறாளா, வியாபாரத்துக்குத் தட்டுகிறாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

அவள் பாதையைக் கடந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள், எண்ணெய்க்காக. மதுரைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, நெசமாவா? அண்ணன் மட்டும் இல்லாட்டி நீங்க போயிருப்பீகளாமே?"

பாரூக் துண்டு மடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். குழல்வாய்மொழி புருஷனின் கழுத்துத் துண்டை ஒரு நொடி பார்த்தாள்.

"அவுக சொன்னா சரிதான்" என்றாள்.

தளவாய் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாரல் இரும்புக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க அண்ணாச்சி" என்றார்.

"முதுகு பாதிதான..."

"எந்திரிங்க. மிச்சக் கதைய இவட்ட கேளுங்க. இவளுக்குத்தான் தெரியும்."

எண்ணெய் வடிய மதுரைக்காரர் எழுந்து நின்றார். தளவாய் கழுத்துத் துண்டை உருவி பாரூக்கின் கடைமேல் எறிந்தார். பலகையைத் தட்டாமலே உட்கார்ந்தார். மனைவிக்கு முதுகைக் காட்டி, எண்ணெய்ப் புட்டியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டி, பிடரி முழுக்கத் தெரியும்படி தலையைக் குனிந்துகொண்டார்.