கிணற்று விரால்

நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்தேசத்துப் புரோசார்டில் ஒரு கிழமையாக மழை. இலையெல்லாம் கொட்டி முடிந்த பிறகு வரும் நவம்பர் மழை. பனியாகவும் மாறாமல், நிற்கவும் மனமில்லாமல் பெய்கிறது. பேஸ்மென்ட் மூலைக் குழிக்குள் நீர் ஊற ஊற, அதை வெளியேற்றும் பம்ப் உறுமுகிறது. ஒவ்வொரு முறையும் இறங்கிப்போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன்.

ஊரில், சாவகச்சேரியில், கார்த்திகை மழைக்கு அப்பாவும் இப்படித்தான் கிணற்றை எட்டிப் பார்ப்பார். கடிக்கிற நுளம்பின் புழுக்களைத் தின்னட்டும் என்று அதில் ஒரு விரால் விட்டிருந்தார். ஒரு வருடம் மழை விடவேயில்லை. நீர் ஏறி, தாழ்வான கிணற்றுக் கட்டைத் தொட்டது.

“விரால் வெளியில போயிடுமோ, அப்பா?”

“அது எங்க போறது? இதுதானே அதின்ர வீடு.”

மறுநாள் முற்றத்து வெள்ளமும் கிணற்று நீரும் ஒன்றாகிக் கிடந்தன. விராலைக் காணவில்லை. அப்பா குடையும் இல்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கையின் வாய்க்கால் நெடுகக் குனிந்து தேடினார்.

“போனது போயிட்டுது, உள்ள வாங்கோ!” என்று அம்மா குசினி வாசலில் நின்று கத்தினார். அப்பா நிமிரவே இல்லை.

பிறகு நாங்களும் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டோம். விரால் எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

“என்ன தேடுறீங்கள், அம்மா?” மகள் பேஸ்மென்ட் படியில் நிற்கிறாள்.

“ஒரு விரால் மீன்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

“எவ்வளவு பெரிசு?”