திருநீறு விழுந்த புட்டி

எழுத்தர் வேலை பார்த்த விநாசித்தம்பி கிராணியின் மூத்த மகள் புஷ்பராணிக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எண்பத்து நாலாம் வருஷம், அவள் தம்பி ஏரம்பமூர்த்திக்கு மாமன் மகள் பத்மாவதியைப் பேசி முடித்திருந்தார்கள். அந்தக் குடும்ப வழியில் ஏற்கெனவே இரண்டு தொட்டில்கள், இரத்தம் ஊறாத குழந்தைகளால் காலியானவை. தாய், தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. பத்மாவதியிடம் இருப்பது தெரிந்துவிட்டது. இனி மூர்த்தியின் இரத்தம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக் குழாயில் வெள்ளைத் தூளை நிரப்பியிருப்பார்கள். முதல் புட்டியிலிருந்து வரும் காரம் கூடிய நீரில் இரத்தத்தின் சிவப்புப் புரதங்கள் எதிர்மின் ஏறி அந்தத் தூளைப் பற்றிக்கொள்ளும். இரண்டாவது புட்டியிலிருந்து புளிப்பு கூடிய நீர் மெல்லக் கலக்கக் கலக்கக் காரம் இறங்கும்; ஒவ்வொரு புரதமும் தன் நேரம் வந்ததும் பிடியை விடும். முதலில் வருவது மெலிந்த ரோஜா நிற வளையம். அது தடித்திருந்தால் குறை உண்டு.

அன்று எதுவுமே இறங்கவில்லை. சிவப்பு உச்சியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வாசலில் காத்திருந்த மூர்த்தி எட்டிப் பார்த்தான். "என்னக்கா, ஒண்ணும் வரலயா? அப்ப நல்லதுதானே லா. ஒண்ணும் இல்லன்னு மாமிகிட்ட சொல்லிடு."

சொல்லியிருக்கலாம். இரண்டு வீடும் சிரித்திருக்கும். அவள் சொட்டிய நீரைப் பிடித்துக் காரம் அளந்தாள். தொடக்கத்தில் இருந்த இடத்தை விட்டு அது நகரவில்லை. இரண்டாவது புட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். அடியில் சாம்பல் வண்டல்.

முந்தைய நாள் சரஸ்வதி பூசை. அன்று கருவியைத் தொடக்கூடாதென்று நீரை முன்பே கலந்து, குழாய் செருகி, மூடாமல் வைத்திருந்தாள். திருநீற்றைக் கை நிறைய அள்ளித் தூவியவளும் அவள்தான். பூசை கண்ட புட்டியைக் காலையில் மறுபடி அளந்து பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. திருநீற்றின் காரம் புளிப்பையெல்லாம் தின்றிருந்தது.

கூட வேலை செய்யும் சலேஹா எட்டிப் பார்த்தாள். "சாமிக்குப் படைச்சீங்க, சாமி பாட்டிலுக்குள்ளயே எறங்கிட்டாரு, அக்கா."

தூளைப் பற்றியிருந்த இரத்தம் வீணாகவில்லை. புது நீர் கலந்து விட்டாள். வளையம் பிரிந்து இறங்கியது, பத்மாவதியுடையதைப் போலவே தடித்து.

"உனக்கும் இருக்கு தம்பி."

"இப்பத்தான் தண்ணி தப்புன்னு சொன்ன. இதுவும் தப்பா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். கைய நீட்டு."

புதிதாக இரத்தம் எடுத்து மறுநாளும் ஓட்டினாள். வளையம் மாறவில்லை.

அந்தக் கல்யாணம் நின்றது. மாமி வெகுகாலம் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை; வந்தபோதும் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. பத்மாவதி தைப்பிங்குக்கு வாழ்க்கைப்பட்டாள். மூர்த்தி கிள்ளானில் பெண்ணெடுத்தான். அவர்கள் கட்டிக்கொண்டவர்களுக்குக் குறையில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் குடும்பக் கல்யாணங்களில் ஒன்றாக ஓடித் திரிந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போது மாமி புஷ்பராணியின் பக்கம் திரும்புவாள்.

புஷ்பராணி பூசையை விடவில்லை. புட்டிகளை இறுக மூடி உள்ளே வைத்து, அலமாரிக் கதவுக்கு மட்டும் திருநீறு பூசினாள். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் குழாயைத் திறந்தாள்.