அஞ்சலையின் பக்கத்துக் கட்டில்

மலையூரான ரிங்லெட்டிலிருந்து கோஸ் ஏற்றி வந்த லாரிக்காரர்தான் செய்தி சொன்னார். அஞ்சலை தூக்கத்திலேயே போய்விட்டாராம். தூக்கத்திலா என்று நான் இரண்டு முறை கேட்டேன். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் நீங்கள் கொழுந்து கிள்ளப் போனபோது உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அஞ்சலையை மட்டுமே அறிந்தவர்களுக்கு, அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். தேயிலை ஆலையில் கொழுந்து உலர்த்தும் அடுப்பின் கதவைத் திறந்தபோது தீ பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டது. கழுத்திலிருந்து இடுப்புவரை, கையும் சேர்த்து வெந்த உடம்போடு, நான் தாதியாக, தோட்டத்தார் சொல்லில் 'மிஸி'யாக, இருந்த சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மண் சரிந்து, மலையடிவாரத்துக்கு இறங்கும் தாப்பா சாலை அடைபட்டிருந்ததால் கீழே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழியில்லை. வழக்கமான வலி ஊசிக்குச் சற்று நேரம் அடங்குவார். பிறகு அவர் அலறல் வாசலைத் தாண்டிக் கேட்கும். டாக்டர் யோசித்து, நீண்ட நேரம் உடம்பில் நிற்கும் மெத்தடோன் என்ற வலி ஊசிக்கு மாற்றினார்.

அன்று மாலை அலறல் நின்றது. கட்டுப் பிரிக்கும்போதுகூட முனகவில்லை. வலி போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகல மிஸி. எறங்கி அந்தக் கட்டில்ல போயி படுத்துக்கிச்சு. அதுக்குக் குளுருதாம், ஒரு கம்பளி குடுங்க."

பக்கத்துக் கட்டில் காலி. மருந்து மயக்கம் என்று தெரிந்தும், அவர் மனம் ஆறட்டும் என்று கம்பளியை விரித்தேன். காலையில் மடிக்கப் போனால் அதன் நடுப்பகுதி மட்டும் ஈரமாக இருந்தது. ஜன்னல் வழியே பனி வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற நோயாளிகள் அந்தக் கட்டிலை ஒட்டாமல் விலகி நடந்தார்கள்.

அதற்குப் பிந்தைய நாள்களில் அவர் நிறையத் தூங்கினார். கணவர் சுப்பையாவுக்கு நிம்மதி; எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு அந்தத் தூக்கம் பிடிக்கவில்லை. உதட்டில் சிரிப்பு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்டரை அழைத்துவந்தேன். முன்பு போட்ட மெத்தடோன் ஊசிகள் கழியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து மூச்சை அமுக்குகின்றன என்று சொல்லி, அதை முறிக்கும் மாற்று ஊசி போட்டார். அஞ்சலை விழித்தார். காலிக் கட்டிலையே பார்த்தார்.

"எந்திரிச்சு வருது மிஸி."

சுப்பையா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வரட்டும் லா. என்னோடதுதானே."

அதன் பிறகுதான் அலறினார்.

மாற்று ஊசியின் வேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும்; மெத்தடோன் உள்ளேயே இருக்கும். ஆகவே அந்தத் தூக்கம் மறுபடி மறுபடி வந்து அவரை இழுத்தது. டாக்டர் மாற்று ஊசியைத் திரும்பத் திரும்பப் போட, பகல் முழுவதும் நானும் சுப்பையாவும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூச்சு விடச் சொல்லிக்கொண்டே இருந்தோம். பிழைத்தார். அளவைக் குறைத்து, இடைவெளியை நீட்டி டாக்டர் மருந்தைத் தொடர்ந்தார். சாலை திறந்ததும் கீழே அனுப்பினோம். தோல் ஒட்டி, விரல்கள் மடங்கிய கையோடு தோட்டத்துக்குத் திரும்பினார்.

பல வருடங்கள் கழித்து ரிங்லெட் கடைத்தெருவில் பார்த்தபோது, இன்னும் வலிக்கிறதா என்று விசாரித்தேன். "குளுரு நாள்ல வரும் மிஸி. தள்ளிப் படுத்து எடம் குடுப்பேன்," என்றார், வீட்டுக்கு வரும் உறவினரைச் சொல்வதுபோல.

இன்றும் வார்டுக்குள் நுழைந்தால், கூப்பாடு போடுகிறவர்களிடம் நான் முதலில் போவதில்லை. சிரித்தபடி தூங்குகிறவரிடம் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்வரை நிற்கிறேன். அஞ்சலை என்னிடம் விட்டுப்போனது அந்தக் காத்திருப்புதான்.