அரண்மனை இல்லாத ஊரில் ஒரு சுவர்

புதுக்கோட்டைச் சம்பந்தி வந்திருக்கிறார். காலையிலிருந்து சமஸ்தானப் பெருமைதான்.

"எங்க ராஜா கட்டுன அரண்மனையிலதான் இப்ப கலெக்டர் ஆபீஸே நடக்குது. உங்க உத்திரமேரூர்ல என்ன இருக்கு?"

"ஒரு சுவர் இருக்கு, வாங்க" என்று கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

கல்வெட்டைக் காட்டினேன். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தவங்க நாங்க. கணக்குக் காட்டாதவன் நிக்கவே முடியாது. அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது."

சம்பந்தி குனிந்து கல்வெட்டை உற்றுப் பார்த்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சாமி கும்பிட வந்திருந்த எங்கள் வார்டு கவுன்சிலரம்மா திரும்பினார்.

"இன்னாண்ணா, நாங்க நாங்கன்னுகினு கீறீங்க? நெலம் இருக்கறவன்தான் நிக்கலாம்னு அதே செவுத்துல எழுதிக்கீதே. கூலி வேலைக்குப் போன எங்க வூட்டு ஆளுங்கள அன்னிக்கு உட்டிருப்பாங்களா?"

அவர் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கு நான் கவுன்சிலருங்க. ஊர்ப் பெருமை சொல்லும்போது அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க இவர."

இதோ, இந்தப் பதிவில் ஊருக்கே சொல்லிவிட்டேன் கவுன்சிலரம்மா, பெருமையாகவே. அந்தச் சுவரில் உள்ளபடி, எங்கள் தெருவிளக்குக் கணக்கை மட்டும் கமெண்டில் காட்டிவிடுங்கள்.